ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஜன்னல்

பழைய பல் பிரஷ் ஒன்று இரும்புக் குழாயின் வாய்க்குள் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் துரு உதிர்ந்தது. உதிர்வது நின்ற பிறகும் அந்தக் கைகள் விடவில்லை. குழாயை ஊதி, துணியால் துடைத்து, சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தன. பிறகு வண்டியின் பக்கவாட்டை இரண்டு முறை தட்டின. உள்ளேயிருந்து யாரோ பொத்தானை அழுத்த, குழாயின் நுனியில் குட்டியாய் ஒரு சுடர் பூத்தது.

"நீலமா?" என்று உள்ளேயிருந்து ஆர்விட் கேட்டார்.

"நீலந்தான். மஞ்சள் பேருக்குக்கூட இல்ல."

"அப்ப வெண்ணெய் ஏன், டிரைவரம்மா, எண்ணெயா நிக்குது?"

டிரைவரம்மா என்பது மனைவிக்கு அவர் வைத்த பெயர். அவளுடைய சொந்தப் பெயர் ஆர்டிஸ். மினசோட்டாவில் ஓய்வு பெறும் வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனிக்காலத்துக்குத் தெற்கே ஓடிவிடலாம் என்று இருவரும் போன இலையுதிர் காலத்தில் ஒரு பழைய வண்டிவீட்டை வாங்கி, அரிசோனா பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கட்டில், அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ், கூரைமேல் ஏசி என்று எல்லாம் அதில் உண்டு. எது எப்படி ஓடும் என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

ஹீட்டரை அவள் காதாலேயே கற்றுக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமலே பின் சீட்டில் எந்தப் பையன் எவனைக் கிள்ளுகிறான் என்று சொல்லக்கூடிய காது அது. முதலில் டக். பிறகு விசிறி. ஒரு மூச்சு இடைவெளி. டிக், டிக், டிக். கடைசியில் புஸ்ஸென்று நெருப்புப் பிடிக்கும். ஒரு விடியற்காலை விசிறியோடு நின்றுபோனது, டிக் வரவில்லை. கையேட்டைப் புரட்டினாள். விசிறிக் காற்று உள்ளே ஒரு சின்னத் தகட்டைத் தூக்க வேண்டும், தூக்கினால்தான் கேஸ் திறக்கும் என்று போட்டிருந்தது. பாட்டரி சோர்ந்தால் விசிறி சோரும், விசிறி சோர்ந்தால் தகடு அசையாது. பாட்டரியைத் தேற்றினாள். ஹீட்டர் எழுந்துகொண்டது. அன்றிலிருந்து போர்வைக்குள் கிடந்தபடியே, "இப்ப டிக் வரும் பாரு" என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஃப்ரிட்ஜ்தான் ஊமை. விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது. கேஸில் ஒரு சுடரை எரியவிட்டு, அந்தச் சூட்டைக் கொண்டே குளிரை உண்டாக்குகிற விநோதம். காது வைத்தால் ஒன்றும் கேட்காது. ஊரில் புறப்படும்போது பால் உறைகிற அளவுக்குக் குளிர்ந்தது. இங்கே வந்து இரண்டொரு நாளில் வெதுவெதுத்துப் போனது.

அதில் மாட்டிக்கொண்டது ஆர்விட்டின் இன்சுலின். இப்போதைக்கு அது பக்கத்து வண்டி லெஸ்டரின் ஃப்ரிட்ஜில் ஒரு மார்கரின் டப்பாவுக்குள் குடியிருந்தது. லெஸ்டரோ சனிக்கிழமை காலை டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார். மெக்கானிக்குக்கு மாதக் கடைசி வரை நேரம் இல்லை. அதற்குள் ஃப்ரிட்ஜ் தேறாவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு பனிக்குள்ளேயே போய் விழ வேண்டியதுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரும் மடக்கு நாற்காலியும் கையில் ஒரு பானமுமாக வட்டமாய் உட்காருவார்கள். அந்த வட்டத்தில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. வண்டி மட்டமாய் நிற்கவில்லை என்றார் ஒருவர். சக்கரத்துக்கடியில் பலகை வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாயிற்று என்றாள் ஆர்டிஸ். ஃப்ரிட்ஜைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி வை, ஏப்பம் விட்டுச் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். வித்துவிடுங்கள் என்றார் லெஸ்டர்.

லெஸ்டர் எண்ணெய்க் குழாய் போட்டு ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது. இவர்கள் வந்து நின்ற மறுநாளே மேற்குப் பக்கத்து வெயிலுக்கு வெள்ளி நிற நிழல்துணி ஒன்றை வண்டியோரம் முழுக்கக் கட்டிக்கொடுத்தார். அன்றைக்கே ஒரு நீலக் கிண்ணம் நிறைய பீன்ஸும் கறியும் கொண்டுவந்தார். கிண்ணம் இன்னும் ஆர்டிஸின் மேஜைமேல் கிடந்தது. அவள் ஊரில் யாரும் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஜெல்லி செய்து தரலாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். குளிரில்லாமல் ஜெல்லி எங்கே உறைவது?

குழாய்க்குப் பிரஷ் போட்ட அன்று வேலை முடியும்போது இருட்டிவிட்டது. மேலே சுருட்டிய லெஸ்டரின் துணியை இறக்காமல், வண்டியின் பக்கவாட்டில் ஃப்ரிட்ஜின் பின்புறத்தை மூடுகிற வெளிக் கதவையும் திறந்தபடியே விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். காலையில் பார்த்தால் ஃப்ரிட்ஜுக்குள் தொங்கிய வெப்பமானி இறங்கிக் கிடந்தது. ஆர்விட் துள்ளினார். அவள் வெளிக் கதவை மூடி, துணியை இறக்கிக் கட்டினாள். மாலைக்குள் வெண்ணெய் மறுபடி எண்ணெய்.

"டாக்டர் வீட்டு வாசல்ல காய்ச்சல் விட்டுப்போற புள்ளையாட்டம் இருக்கே" என்றார் ஆர்விட்.

ஆர்டிஸ் ஏணி வைத்துக் கூரையில் ஏறி, ஃப்ரிட்ஜின் புகைபோக்கி மூடிமேல் உள்ளங்கையை நீட்டினாள். காற்றே இல்லை. கீழே இறங்கி லெஸ்டரின் துணியைத் தூக்கிக் கட்டிவிட்டுத் திரும்ப ஏறினாள். கொஞ்ச நேரத்தில் வெதுவெதுவென்று ஒரு மூச்சு உள்ளங்கையைத் தொட்டது. கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஹீட்டரின் சூடு வீட்டுக்குள் வர வேண்டும். ஃப்ரிட்ஜின் சூடு வெளியே போக வேண்டும். வெளிக் கதவின் சட்ட இடுக்குகள் வழியாக நுழைந்து கூரை வழியாகப் போகிற அந்தக் காற்றை, நிழலுக்காகக் கட்டிய துணி மூக்கைப் பொத்துகிற மாதிரி பொத்திவிட்டிருக்கிறது.

"லெஸ்டர் கட்டினதாச்சே" என்று ஆர்விட் தயங்கினார். "அவுத்தா மனுஷன் மூஞ்சி வாடிரும்."

"அவுக்கப் போறதில்ல. வெயிலுக்கு அது வேணும்."

சாக்பீஸால் வெளிக் கதவின் அளவைத் துணிமேல் குறித்தாள். கத்தரியால் வெட்டினாள். வெட்டிய ஓரம் பிரியாமல் இருக்க மடித்து, தடித்த ஊசியால் நெருக்கமாகத் தைத்தாள். நாலாவது பக்கத்தில் தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். ஃப்ரிட்ஜுக்கு அது தெரியப் போவதில்லை என்றார் ஆர்விட். எனக்குத் தெரியும் என்றாள் அவள். பிறகு கிண்ணத்தைக் கழுவி, ராஸ்பெர்ரி ஜெல்லியைக் கரைத்து ஊற்றி உள்ளே வைத்தாள். மறுநாள் முழுக்க ஃப்ரிட்ஜ் கதவை அவளும் திறக்கவில்லை, அவரையும் திறக்கவிடவில்லை.

சனிக்கிழமை காலை, லெஸ்டரின் வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மார்கரின் டப்பாவோடு அவர் வந்தார். வரும் வழியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா, என் துணியில ஓட்டை போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஓட்டை இல்ல, ஜன்னல். ஓரம் அடிச்சிருக்கேன், பாருங்க."

லெஸ்டர் பக்கத்தில் போனார். தையலை விரலால் தடவினார். கதவுச் சட்டத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவர் கழுத்து மெல்லச் சிவந்தது.

"ஆக, ஒங்க வெண்ணெயக் காய்ச்சினது நான்தான்."

"மத்தியான வெயில்ல எங்களக் காய்ச்சாம வெச்சதும் நீங்கதான்" என்றாள் ஆர்டிஸ்.

ஆர்விட் வெப்பமானியை எடுத்துவந்து அவர் கண்ணெதிரே பிடித்தார். லெஸ்டர் படித்துவிட்டுத் தலையாட்டி, டப்பாவை அவரிடம் கொடுத்தார். ஆர்டிஸ் உள்ளே போய், வேர்த்திருந்த நீலக் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி வந்து லெஸ்டரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி லேசாக ஆட்டிப் பார்த்தார். சிவப்பு ஜெல்லி குலுங்கியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.