பதினேழாம் நம்பரின் வட்டம்

எட்டாவது ஃபெயில் நான். ஆனால் அடையாறில் நான் வேலை பார்த்த லேப்பில் கிருமி வளர்க்கும் அகார் ஜெல்லியை என்னை மாதிரி பிளேட்டில் ஊற்ற ஆள் கிடையாது. குமிழ் இருக்காது, மேடு பள்ளம் இருக்காது, கண்ணாடி மாதிரி நிற்கும்.

புண்ணில் வளரும் கிருமியைக் கொல்லப் புதிதாகச் செய்த மருந்துப் பொடி ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. அதைச் சால்வென்ட்டில் கரைத்து, சின்ன பேப்பர் டிஸ்க்கில் ஏற்றிக் காயவைத்து, கிருமி பூசிய பிளேட்டில் வைப்போம். சரக்கு வேலை செய்தால், மறுநாள் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். பக்கத்தில் வெறும் சால்வென்ட் ஏற்றிய டிஸ்க் ஒன்று, பிளாங்க். அதைச் சுற்றி எதுவும் விழக்கூடாது.

எங்கள் லேப்பில் ரிசர்ச் செய்தவள் பட்டினப்பாக்கம் ஸ்டெல்லா. அவள் அப்பா காலில் திருக்கை மீன் முள் குத்திய புண் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. "அப்பாவுக்கு ஆவாதுண்ணே, நாளாவும். வேற யாருக்காச்சும் ஆவட்டும்" என்பாள். பதினேழாம் நம்பர் அவள் கையால் செய்தது.

ஒருநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தவள் கத்தினாள். "அண்ணே! எம்மாம் பெருசு கீது பாருண்ணே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பதினேழைச் சுற்றி முழு நிலா.

"பின்ன? பிளேட்டு ஊத்துனது யாரு!" என்றேன்.

மயிலாப்பூர்க்கார புரொபசர் மேடம் ஒன்றுதான் கேட்டார். "பிளாங்க்கைப் பாத்தியோ?"

பார்த்தோம். அதைச் சுற்றியும் நிலா.

ஸ்டெல்லாவின் குரல் இறங்கிவிட்டது. "நேத்து அப்பாவுக்குக் கட்டு மாத்தணும்னு ஓடுனேன் மேடம். டிஸ்க்கு காயறதுக்குள்ள வச்சுட்டேன்."

"அப்போ கொன்னது சால்வென்ட்டா இருக்கும்டி. திரும்பப் போடு."

டிஸ்க்கை நன்றாகக் காயவைத்துப் போட்டோம். என் ஆயுசில் நான் ஊற்றியதிலேயே நல்ல பிளேட் அது. மறுநாள் பிளாங்க்கைச் சுற்றி வட்டம் இல்லை. பதினேழைச் சுற்றியும் இல்லை. பாலாடை மாதிரி கிருமி மூடிக் கிடந்தது.

"பதினெட்டு கீதில்லண்ணே" என்று பிளேட்டை அவளே கழுவ எடுத்துப் போனாள்.

வட்டத்துக்கு முன்னால் பிளாங்க்கைப் பார். நான் கற்ற பாடம் இவ்வளவுதான். ஆனால் பிளாங்க்கைப் பார்ப்பதற்கு முந்தின அந்த ஒரு நிமிஷத்துக்கு, ரிடையர் ஆன பிறகும் மனசு ஏங்குகிறது.

ஸ்டெல்லாவின் அப்பா இப்போது இல்லை. அவள் வேறு ஊர் லேப்பில் இன்னும் பொடி செய்துகொண்டிருக்கிறாள். போன் வந்தால் முதலில் கேட்பேன், "வட்டம் வந்துச்சா?"

"எங்கண்ணே வரும்? பிளேட்டு ஊத்துறது நீ இல்லியே!"