இரண்டு தட்டினால் ரைட்டு

உள்ளங்கையால் லாரியின் பின்பலகையைத் தட்டும் அந்த 'டம் டம்' சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. சங்ககிரியில் எங்கள் வீட்டையொட்டிய காலி இடத்தில் டிரைவர்கள் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் பலகையை இரண்டு தட்டு தட்டினால் 'ரைட்டு', வரலாம். ஒரே தட்டு என்றால் 'ஓல்டு', அப்படியே நிற்க வேண்டும். டிரைவரான என் அப்பா லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும் நாட்களில் அவர்தான் லாரி, நான்தான் கிளீனர். முதுகைத் தட்டித் தட்டியே அவரை வீடு முழுக்க ஓட்டுவேன்.

நான்கு வயதில் என்னை எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள். வீட்டில் ஓயாமல் வாயடித்த எனக்கு அங்கே ஒரு சொல்கூட வரவில்லை. மிஸ் கையில் ஸ்கேலோடு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி, "தண்ணி வேணுமா? வாயத் தொறந்து சொல்லு" என்பார். நான் பெஞ்சை இரண்டு தட்டு தட்டுவேன். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு புறங்கையில் ஒன்று வைப்பார். கடைசியில் அப்பாவை வரச்சொல்லி, "இவ பேசவே மாட்டேங்கறா. யு.கே.ஜி.க்கு அனுப்ப முடியாது, வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

அப்பா காக்கிச் சட்டையோடு என் பெஞ்சருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சாமி, மிஸ்ஸு அடிச்சாங்களா?"

இரண்டு தட்டு.

"மிஸ்ஸு இப்படிக் கீழ ஒக்காந்து கேட்டாங்கன்னா பேசுவீங்களா, சாமி?"

இரண்டு தட்டு, கை வலிக்கிற அளவுக்கு.

"எம்புள்ள பதில் சொல்லிட்டுத்தானுங்க இருக்குது. நீங்க செத்த ஒக்காருங்க மிஸ்ஸு" என்றார் அப்பா.

"டீச்சர் தரையில ஒக்காந்தா மரியாதை இருக்குமா?" என்று கேட்ட மிஸ், கடைசிவரை உட்காரவில்லை. அன்று மதியமே அப்பா என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை வெளியே கூட்டி வந்துவிட்டார். அந்த மிஸ்ஸை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

இப்போது ஃபேர்லேண்ட்ஸ் பகுதிப் பள்ளி ஒன்றில் நானும் ஒரு எல்.கே.ஜி. மிஸ். 'குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கிப் பேசுங்கள்' என்று பயிற்சி வகுப்பில் திரை போட்டுச் சொல்கிறார்கள், மேடையில் நின்றுகொண்டே. பள்ளிக்கு வந்து நான் தரையில் உட்கார்ந்தாலோ, "பேரன்ட்ஸ் பாக்கறாங்க, சேர்ல உட்காருங்க" என்கிறார் பிரின்சிபல். முட்டி வலிக்கிறதுதான், ஆனாலும் தரையில்தான் உட்காருவேன்.

ஜூனில் சேர்ந்த யாழினி இதுவரை வாய் திறக்கவில்லை. அவள் ரிப்போர்ட்டில் 'பேசுவதில்லை' என்று எழுதச் சொன்னார் பிரின்சிபல். எழுதினால் அவளுக்கும் யு.கே.ஜி. கிடையாது. முடியாது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். வேலை போனாலும் போகட்டும்.

சங்ககிரியில் இப்போது லாரிகளுக்குப் பின்னால் கேமரா வந்துவிட்டது, கிளீனர் இல்லாமலே வண்டி ஓடுகிறது, பலகையைத் தட்டுவார் யாருமில்லை. நேற்று யாழினிக்கு அந்தத் தட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கும் வருவீங்களா, சாமி?" என்று கேட்டேன். அவள் மெதுவாக என் முழங்காலில் இரண்டு தட்டு தட்டினாள். ரிப்போர்ட்டை எடுத்து, பிரின்சிபல் 'பேசுவதில்லை' என்று எழுதச் சொன்ன கட்டத்துக்குள் எழுதினேன்: 'பதில் சொல்கிறாள். கீழே உட்கார்ந்து கேட்கவும்.'