பிரிட்ஜ் முன்னால் கிடந்த செருப்பு

வீட்டுக்குள் யார் செருப்பு போட்டாலும் திட்டுகிறவன் நான். ஆனால் பிரிட்ஜ் முன்னால் மட்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். வெறுங்காலோடு தொட்டால் ஷாக் அடிக்கும். இடி மின்னலுக்குப் பயந்து விலை கூடிய ஸ்பைக் பஸ்டர் பெட்டியும் அதற்கு மாட்டியிருந்தேன்.

ஃபேன் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் செருப்பைப் பார்த்துச் சிரித்தார். "வீட்ல எர்த்தே இல்லீங்க. மின்னல் வந்தா இந்த ஸ்பைக் பஸ்டர் அத எங்க கொண்டுபோய் விடும்?"

"அதுல பச்சை லைட் எரியுதே!" என்று கத்தினேன்.

மனைவி அவரையே மறுநாள் வரச் சொன்னாள். திருத்தணிப் பாறை மண்ணில் பாதி நாள் குழி தோண்டி எர்த் கம்பி இறக்கினார். "குழியில ஈரம் காயாம பாத்துக்கங்க, காஞ்சா எர்த் வேலை செய்யாது" என்றார்.

கோபத்தில் அன்று அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. இப்போது செருப்பு வாசலில் கிடக்கிறது. கோடையில் தினமும் அவர் தோண்டிய குழிக்கு ஒரு குடம் ஊற்றுகிறேன்.