ஒன்பதாம் கிடங்கின் காவலர்

"தம்பி, தள்ளிப் போ. இங்கே படிக்க ஒண்ணும் இல்லை."

காக்கிச் சட்டைக்காரர் ஒரு பெயர்ப்பலகையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கால்களை அகட்டி நிற்கிறார். யாராவது வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் வலப்பக்கம் சாய்வார். இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம். பூங்காவுக்கு நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அவருக்கு 'பீரங்கி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நிஜப் பீரங்கி நுழைவாயிலில் மஞ்சள் பெயின்ட் பூசிக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் குழந்தைகள் ஏறிச் சறுக்குகின்றன. இவரிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

முன்பு இது ராணுவ முகாம். படை வேறு ஊருக்குப் போனதும் மக்கள் பொழுதுபோக்கட்டும் என்று நகராட்சி திறந்துவிட்டது. அணிவகுப்பு மைதானத்தில் பிள்ளைகள் சக்கரக் காலணி கட்டிக்கொண்டு விழுந்து எழுகிறார்கள். பதுங்குகுழிக்குள் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். அவசரத்துக்குப் பதுங்க அதைவிட நல்ல இடம் ஏது? பீரங்கி மட்டும் ஓய்வு பெற்ற கையோடு பூங்காக் காவலாளியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அன்று 'உள்ளே வராதே' என்பது வேலை, இன்று 'உள்ளே வாங்க' என்பது வேலை. வாய்தான் இன்னும் பழகவில்லை. டிக்கெட்டோடு வந்த புதுமணத் தம்பதியைப் பார்த்து, "என்ன காரியமா வந்தீங்க?" என்று உறுமுவார். அவர்கள் பேந்தப் பேந்த விழித்த பிறகுதான், "சரி சரி, சுத்திப் பாருங்க" என்று வழிவிடுவார்.

பணிக்காலம் முழுக்க அவர் நின்றது ஒன்பதாம் கிடங்கின் வாசலில். சாவி அவரிடம் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற வழக்கமும் அங்கே கிடையாது. வெடிமருந்தாக இருக்கும் என்று ஆரம்பத்தில் நினைத்தார். போகப்போக அது ஏவுகணையாக வளர்ந்துவிட்டது. வீட்டில் மட்டும் எல்லாம் தெரிந்தவர் மாதிரியே பேசுவார். மகள் பிறந்தபோது அவர் வரவில்லை, மனைவி காய்ச்சலில் கிடந்தபோதும் வரவில்லை. "கேட்காதே. நாட்டு ரகசியம். நான் கொஞ்சம் கண்ணசந்தா இந்த ஊரே இருக்காது" என்பார். பாவம், அந்த அம்மாளும் நம்பினாள். நம்பியதோடு பெருமைப்படவும் செய்தாள். மாடிவீட்டுக்காரி, "உன் வீட்டுக்காரர் அப்படி என்னத்தைத்தான் கட்டிக் காக்கிறார்?" என்று குத்தலாகக் கேட்கும்போதெல்லாம், "சொன்னா உங்களுக்குத் தூக்கம் வராதுக்கா" என்று வாயை அடைத்துவிடுவாள்.

போன மாதம் பூங்கா மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் அது அந்தக் காலத்தில் எதற்குப் பயன்பட்டது என்று எழுதி நட்டுவிட்டார். ஒன்பதாம் கிடங்கின் பலகையில் இப்படி இருந்தது: 'கிழிந்த காலணிகள் ஏலம் விடப்படும்வரை இங்கே வைக்கப்பட்டிருந்தன.'

பீரங்கி படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"எழுதினவன் தப்பா எழுதிட்டான் சார்."

"பழைய கோப்புல அப்படித்தான் இருக்கு. உள்ளே இன்னும் கொஞ்சம் மூட்டை கிடந்துச்சு, நான்தான் அள்ளிப் போடச் சொன்னேன்" என்றார் மேலாளர்.

அன்று ஆரம்பித்ததுதான் இந்த நிற்பு. சாப்பாடுகூட நின்றபடியே. மேலாளர் கேட்டால், "பலகையை எவனாவது பேத்துட்டுப் போயிடுவான் சார்" என்பார். பூங்காவைப் பார்க்கணும் என்று மனைவி நச்சரிக்கும்போதெல்லாம், "என்ன இருக்கு அங்கே, வெறும் புல்லு" என்று தட்டிக் கழித்தார். அவள் என்ன நினைப்பாளோ என்பதுதான் பயம். மற்றவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து எதிரே நின்றாள். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பட்டுப்புடவை. கூட வந்த மாடிவீட்டுக்காரி மஞ்சள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்ளப் பின்தங்கிவிட்டாளாம்.

"இதுதானா அது?" கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். குரலில் அத்தனை மரியாதை.

"இதேதான். பாத்தாச்சில்ல, கிளம்பு."

"பின்னால என்ன போர்டு?"

"அது சும்மா. புல்லை மிதிக்கக்கூடாதுன்னு."

"இங்கே ஏதுங்க புல்லு? தள்ளுங்க."

ஊரே திரண்டு வந்தாலும் அசையாதவர், அவள் ஒரு கையால் தள்ளியதில் நகர்ந்துவிட்டார். அவள் உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"செருப்பா?"

"ஷூ" என்றார் ஈனஸ்வரத்தில். "ராணுவ ஷூ."

"கிழிஞ்ச ஷூ."

"எனக்கே தெரியாதுடி. சத்தியமா போன மாசந்தான் தெரியும்." இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் சொன்ன ஒரே நிஜமான ரகசியம் அதுதான்.

அவள் முகம் ஜிவுஜிவென்று சிவந்தது. "வலி எடுத்து நான் தன்னந்தனியா ஆஸ்பத்திரிக்குப் போனேனே, அது இந்தக் கிழிஞ்ச..." பலகையை விரலால் சுட்டினாள். பீரங்கி தலையைக் குனிந்துகொண்டார். திட்டித் தீர்த்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

"அடியே, எங்கே இருக்கே? உன் வீட்டுக்காரரோட ரகசிய இடம் எதுடி?" மாடிவீட்டுக்காரியின் குரல் வளைவுக்கு அப்பால் கேட்டது.

அவள் சட்டென்று கண்ணைத் துடைத்தாள். "கொஞ்சம் நகருங்க" என்று அவரை அதட்டிவிட்டு, பட்டுத் தலைப்பை அகல விரித்துப் போர்த்திக்கொண்டு, அவர் பக்கத்தில் பலகையோடு முதுகை ஒட்டி விறைப்பாக நின்றாள்.