கடைசி நட்டில் கோடு இல்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவும் மகளும் பின்வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அம்மா முக்காலியில். மகள் தரையில், மடியில் பின்சக்கரத்தோடு.

சின்ன மோட்டார் சைக்கிள். கல்லிலும் மண்ணிலும் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்று செய்தது. உயரம் குறைவு, எடை குறைவு, கோபமும் குறைவு. விழுந்தால் ஒரே ஆளாகத் தூக்கி நிறுத்தலாம். அம்மா அப்படி விழுந்து நிறுத்தியே ஓட்டக் கற்றுக்கொண்டவள்.

வாளியில் சோப்புத் தண்ணீர். அதில் எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் பஞ்சு ஊறிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுத்து முறுக்கப் போனாள்.

"பிழியாதம்மா. அமுக்கு. கிழிஞ்சிடும்."

"உன் யூனிஃபார்மைப் பன்னெண்டு வருஷம் பிழிஞ்ச கைடி இது. கிழிஞ்சுதா?"

"கிழிஞ்சுது. நீதான் தைச்சே."

"வாயப் பாரு. உன்கூட லிஃப்ட்டுல எப்படித்தான் மனுஷங்க ஏறுறாங்களோ."

மகளுக்கு லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை. நகரத்தில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓடும். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும், ஒரே கோடு. நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அதை அம்மாவுக்கும் பழக்கிவிட்டாள். ஆபீசிலிருந்து கொண்டுவந்த பேனா ஒரு வாரத்தில் காய்ந்துபோனது. அம்மா கடைக்குப் போய்ச் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினாள். வாழ்நாளில் நகத்துக்குப் பூசியதில்லை.

"என்னக்கா, திடீர்னு அலங்காரமெல்லாம்?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

"எனக்கில்லப்பா, என் வண்டிக்கு. எனக்கு இனிமே எதுக்கு?"

வண்டியில் ஏழு நட்டுக்குக் கோடு. தினமும் காலையில் டார்ச் அடித்து ஏழையும் பார்த்துவிட்டுத்தான் அம்மா உதைப்பாள்.

அந்த ஞாயிறு, சங்கிலி தொய்ந்திருந்ததால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தார்கள். மகள் பழைய கோட்டைத் துடைத்து இறுக்க, அம்மா புதுக் கோடு போட, இப்படியே ஆறு நட்டு முடிந்தது. ஏழாவது, பின்சக்கர அச்சின் நட்டு. மகள் அதில் முறுக்கு அளந்து இறுக்கும் சாவியை மாட்டினாள். வேண்டிய அளவு இறுகியதும் 'டக்' என்று சொல்லும் சாவி. அம்மா அதற்கு வைத்த பெயர் டக்குச்சாவி.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. மகள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையால் சாவியை இழுத்தாள்.

"சத்தம் வந்துச்சாடி?"

"வந்துச்சு, வந்துச்சு," என்றாள் மகள், போனைக் கையால் பொத்தி.

அம்மா பாட்டிலைக் கவிழ்த்தாள். தட்டினாள். ஒரு சொட்டு வரவில்லை. பிரஷ்ஷால் நட்டின் மேல் தேய்த்துப் பார்த்தாள். வெறும் கீறல்தான் விழுந்தது.

"போகட்டும். நாளைக்குக் கடை திறந்ததும் வாங்கிப் போட்டுடறேன். நீ பஸ்ஸைப் பாரு."

அம்மாவுக்கு ஊருக்குத் தண்ணீர் விடும் வேலை. மலையில் இரண்டு தொட்டிகள், இரண்டு வால்வுகள். காலை ஆறு மணிக்கு, மேலே இருக்கும் தொட்டியை மேல் தெருவுக்குத் திறந்துவிட்டு, பாதி இறங்கி வந்து கீழ்த் தெருவுக்கான தொட்டியைத் திறப்பாள். எட்டு மணிக்கு மறுபடி ஏறிப்போய் இரண்டையும் மூடுவாள். அப்பா செய்த வேலை அது. அப்பா போனபின் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் நடந்தே ஏறினாள். முழங்கால் போனது. நாற்பத்தாறு வயதில் இந்த வண்டியை வாங்கினாள். ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. பாதையின் மூன்றாவது வளைவில் மட்டும் பதினோரு தடவை விழுந்ததாக அவளே கணக்குச் சொல்வாள். அப்புறம் விழவில்லை.

எல்லாருக்கும் அவள் தண்ணியக்கா. தண்ணீர் ஐந்து நிமிடம் தாமதமானால், "என்ன தண்ணியக்கா, குதிரைக்குக் காய்ச்சலா?" என்பார்கள். "காய்ச்சல் உங்க குடத்துக்குத்தான். வாய மூடாம திறந்தே வச்சிருக்கு," என்பாள்.

திங்கட்கிழமை மேல் தெருவில் தண்ணீர் சரியாக ஆறு மணிக்கு வந்தது. எட்டு மணிக்கு நிற்கவில்லை. எட்டரைக்கும் நிற்கவில்லை. தண்ணியக்காவுக்கு இன்றைக்கு நம் மேல் பாசம் என்று சொல்லிக்கொண்டு அண்டா, வாளி, சட்டி என்று அகப்பட்டதையெல்லாம் நிரப்பினார்கள். கீழ்த் தெருவில் ஒரு சொட்டு இல்லை. ஒன்பதரைக்கெல்லாம் மேல் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்போதுதான் ஒருவருக்கு உறைத்தது. மேலே ஓடினார்கள்.

மூன்றாவது வளைவுக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தாள். வண்டி அவளுக்குப் பக்கத்தில்.

பாதை ஈரம், வழுக்கி விழுந்து இறந்தாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லாரும் நம்பினார்கள், மகளைத் தவிர. அச்சு நட்டு தளர்ந்தால் சக்கரம் கோணும். கோணினால் சங்கிலி கழன்று சக்கரத்தைப் பிடிக்கும். இறக்கத்தில் அப்படிப் பிடித்தால் யாராலும் நிறுத்த முடியாது. படித்தவளுக்கு இது தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் தேவலை.

'டக்' என்ற சத்தத்தை அவள் கேட்டாளா? இருபது நாளாக அதே ஒரு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். போனில் பேசியவன் சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருந்தது. அம்மாவின் கேள்வி ஞாபகம் இருந்தது. தன் பதிலும் ஞாபகம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

இருபத்தோராம் நாள் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள். பள்ளத்திலிருந்து வண்டியை ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான். வண்டி மூலையில் நின்றது. ஹேண்டில் வளைந்து, பிரேக் பிடி ஒடிந்து, மட்கார்டு பிளந்து.

அவள் கீழே உட்கார்ந்து டார்ச்சை அடித்தாள். ஒன்று, கோடு நேராக இருந்தது. இரண்டு, நேர். ஆறுவரைக்கும் ஒன்றுகூட உடையவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும், அம்மாவின் கை இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. ஏழாவது நட்டில் காய்ந்த பிரஷ்ஷின் கீறல் மட்டும்.

"அண்ணா, நீங்க தூக்கும்போது சங்கிலி எங்க இருந்துச்சு?"

"கழண்டு கிடந்துச்சும்மா. சக்கரம் சுத்தல. நட்டத் தளர்த்தித்தான் சங்கிலியை மாட்டினேன். இல்லன்னா தள்ள முடியாது."

"தளர்த்தும்போது இறுக்கமா இருந்துச்சா? இல்ல, முன்னாடியே லூஸா இருந்துச்சா?"

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"மழை தூறுச்சு. ரெண்டு பேர் வண்டியப் புடிச்சிருந்தாங்க. அக்காவ அப்பத்தான் மேல தூக்கிட்டுப் போனாங்க. என் கை என் கையாவே இல்லம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்க. சாவிய வச்சு அழுத்தினீங்களா? இல்ல, விரலுக்கே வந்துச்சா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இறுக்கமாத்தான் இருந்துச்சு," என்றார், அவசரமாக. "இறுக்கமா இருந்துச்சும்மா. நல்லா ஞாபகம் இருக்கு."

அதே குரல். போனைப் பொத்திக்கொண்டு அவள் சொன்ன 'வந்துச்சு, வந்துச்சு'வின் குரல். அவள் டார்ச்சை அணைத்தாள்.

அன்று முழுக்க வண்டியைச் சரிசெய்தாள். தண்ணீர் விட வந்திருக்கும் புது ஆள் நடந்துதான் ஏறுகிறார், வண்டி கிடைக்குமா என்று பஞ்சாயத்து ஆபீசிலிருந்து கேட்டிருந்தார்கள். ஹேண்டிலை மாற்றினாள். பிரேக் பிடி மாற்றினாள். பஞ்சை எடுத்தாள், சேறு. கழுவினாள், பிழியாமல் அமுக்கினாள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள். கடைசியில் பின்சக்கர நட்டில் டக்குச்சாவியை மாட்டி இழுத்தாள்.

டக்.

மறுபடி இழுத்தாள். டக். மறுபடி. டக். மறுபடி.

"போதும்மா," என்றார் மெக்கானிக். அவள் நிறுத்தவில்லை. "போதும், மரை அறுந்துடும். சாவியக் குடு." சாவியை அவர் அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் சீட்டுக்கடியில் இருந்த பையைக் காலி செய்தாள். ஒரு ஸ்பேனர், ஒரு பழைய கைக்குட்டை, டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி. அடியில், ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிய காகிதப் பொட்டலம் ஒன்று. பிரித்தாள். காலி நெயில் பாலிஷ் பாட்டில், அதே நிறத்தைக் கடைக்காரரிடம் காட்டி வாங்க. காகிதத்தில் அம்மாவின் சாய்ந்த எழுத்து:

'இதே சிவப்பு, ஒண்ணு. கடை ஒன்பது மணிக்கு.'