வலையறைக்கு அடித்த நீலம்

“…என்ன குறைஞ்சுபோச்சு இப்ப? உன்ர கைக்கு எந்த மூலையைக் குடுத்தாலும் வடிவாத்தானே வரும்,” என்று சொல்லி நிறுத்தினார் உம்மா.

நான் கதிரையில் ஏறி நின்று யன்னல் திரையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். என் அறையின் யன்னல். அன்று அஸர் தொழுகை வரைக்கும் அது என் அறைதான். அதற்குப் பிறகு தங்கச்சிக்கு வரப்போகும் மாப்பிள்ளையின் அறை.

தலைமன்னார் ரோட்டில், தீவுக்குள் இருக்கிற எங்கள் தாராபுரம் வீட்டில் ஒரு ஹோலும் இரண்டு அறைகளும். ஓர் அறையில் உம்மாவும் வாப்பாவும் படுப்பார்கள். மற்றதில், எனக்குக் கிடைக்கும் முன், வாப்பாவின் மீன் வலைகள் படுக்கும். தங்கச்சியும் நானும் ஹோலில். நான் கல்யாணம் முடித்துப் போய்த் திரும்பி வந்தவள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். எனக்கும் புத்தளத்தில் ஒரு சின்ன வீடு எழுதித்தான் கொடுத்தார்கள். அதை என் மாப்பிள்ளையின் வியாபாரத்துக்கென்று விற்றோம். வியாபாரமும் போனது, அவரும் போனார். ஆகவே இந்த வீடு தங்கச்சிக்கு. வாப்பா இதைப் பூசி மெழுகாமல் சொல்லுவார், கிழிந்த வலையைப் பொத்துகிற கையை நிறுத்தாமல், முகத்தைக்கூட நிமிர்த்தாமல்: “உன்ர பங்கு முடிஞ்சுது மகள். சோறும் படுக்கையும் இருக்கு. அதுக்கு மேல கேக்காத.”

நான் கேட்டது ஒரு கதவைத்தான். ஹோலில் படுப்பவளுக்குக் கதவு கிடையாது. யார் வந்தாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்ப வேண்டும். வருகிறவர்களும் விடமாட்டார்கள். “இன்னும் இங்கதானோ?” என்று கேட்பார்கள், நான் ஏதோ தலைமன்னார் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவள் மாதிரி.

ஒருநாள் துணிந்து வலையறையைக் கேட்டேன்.

“அப்ப வலை எங்க படுக்கிறது?” என்றார் வாப்பா.

“பத்தியில.”

பத்தி என்றால் அடுப்படிக்குப் பின்னால் தகரம் சாய்த்து இறக்கிய இடம். விறகும் கோழிக்கூடும் கிடக்கும். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வெட்டவெளி. வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, வலைக்கு வாயில்லை. சொன்ன இடத்துக்குப் போகும்,” என்றார்.

வலைகளைத் தூக்கிப் போட்ட பிறகுதான் அறை எப்படிப்பட்டது என்று தெரிந்தது. கறுத்த சுவர், நிலமெல்லாம் வெடிப்பு, எந்தக் காலத்துச் செதிலோ மூலையில் மினுங்கியது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள ஜின்னும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்,” என்றார். அந்த மாமி வாயைத் திறந்தால் நான் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்பேன். ஊரில் படம் பார்க்கத் தியேட்டர் தேவையில்லை, அவருடைய வேலியடி போதும்.

கைபேசியில் வீடியோ பார்த்துத்தான் தொடங்கினேன். இந்தியாவில் ஒரு பெண், செலவே இல்லாமல் ஓர் அறையை மாற்றிக் காட்டினார். “உங்க வீட்ல சும்மா கிடக்கிற பொருளை எடுத்துக்கோங்க” என்று சொல்லி, பளபளக்கிற கண்ணாடிச் சாடி, வெள்ளை மரத்தட்டு, சின்னச் சின்ன மின்குமிழ் மாலை என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். பின்னால் நின்று பார்த்த தங்கச்சி, “எங்கட வீட்டில சும்மா கிடக்கிறது நீதான் ராத்தா,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

முதலில் சுவர். சுண்ணாம்பில் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கலந்து, கிணற்றுத் தண்ணீரில் கரைத்து அடித்தேன். எங்கள் கிணறு சவர். குளிக்கலாம், கழுவலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் பவுசர் என்கிற தாங்கி லொறியில் வரும். உம்மா அதை மூடி போட்ட பீப்பாவில் வைத்துச் சென்ரிக்காரன் மாதிரிக் காவல் இருப்பார். காய்ந்தபோது சுவர், காற்று ஓய்ந்த நாளின் கடல் போல இருந்தது. பிறகு உப்புப் பூத்தது. வெள்ளை வெள்ளையாகப் பொங்கி, தொட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. காலையில் எழும்பினால் என் தலைமயிரில் நீலம். இந்தத் தீவில் பிறந்த ஒருத்தி செய்யக்கூடாத பிழை. மேசன்மார் சீமெந்து குழைக்கவே நல்ல தண்ணீர் கேட்டு அடம்பிடிப்பார்கள். நான் மேசனைக் கேட்காமல் வீடியோக்காரியை நம்பினேன். அவளுடைய ஊரில் தண்ணீர் என்றால் ஒரே தண்ணீர்தான் போல.

“உம்மா, ஒரு வாளி நல்ல தண்ணி தாங்கோ,” என்று கேட்டேன்.

“குடிக்கிற தண்ணியைச் சுவருக்குப் பருக்கப் போறியோ? சுவர் வந்து தாகமெண்டு சொன்னதோ?”

முழுவதையும் சுரண்டித் தள்ளினேன். மாரி வரும்வரை அந்தச் சொறிபிடித்த சுவரோடு இருந்தேன். மழை இறங்கியதும் சட்டி, வாளி, மீன் கொண்டுவரும் றெஜிபோம் நுரைப்பெட்டி என்று கிடைத்ததில் எல்லாம் கூரைத் தண்ணீரைப் பிடித்து, அதில் கரைத்து மறுபடி அடித்தேன். அந்த நீலம் நின்றது.

மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. கரையில் உடைந்து கிடந்த வள்ளத்தின் பலகையைக் கொண்டுவந்து உரஞ்சி, நைலோன் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டாக்கினேன். நிலத்து வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, முழங்கால் தேயும்வரை சிவப்புப் பொலிஷ் போட்டேன். கிழிந்த ஓலைப்பாயின் நல்ல பாதியை வெட்டிக் கட்டிலின் தலைமாட்டில் அறைந்தேன். யன்னலுக்கு உம்மாவின் பழைய சாறிகளை இணைத்துத் தைத்த திரை. சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் எங்கள் ஊரில் எந்தத் திரையும் யன்னலில் நிற்காது, உத்தரத்தில்தான் பறக்கும். அதற்காகத் திரையின் ஓரத்தை மடித்து, வாப்பா கழித்துப்போட்ட வலையிலிருந்து ஈயக்குண்டுகளை எடுத்து உள்ளே வைத்துத் தைத்தேன். அது அசையாமல் நின்றதைப் பார்த்த வாப்பா, “வலையை வெளியில போட்டிட்டு, குண்டை உள்ளுக்கு எடுத்திட்டாய்,” என்றார். அவருடைய வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. தங்கச்சி மட்டும் அறைக்கு ‘மியூசியம்’ என்று பெயர் வைத்தாள். “மியூசியம் திறந்திருக்கோ?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

கடைசியாகக் கதவின் உட்பக்கத்தில் ஒரு கொக்கி பூட்டினேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்தக் கொக்கிதான்.

இந்த வருடம் தங்கச்சிக்குச் சம்பந்தம் சரிவந்தது. உம்மாவும் வாப்பாவும் தங்கள் அறையைப் புதுச் சோடிக்கு விட்டுவிட்டு ஹோலுக்கு வருவது என்று ஏற்பாடு. எங்கள் ஊரில் பெற்றவர்கள் அப்படித்தான் ஒதுங்குவார்கள். அன்று அஸருக்குப் பிறகு மாப்பிள்ளையின் தாயார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். ஹோலைப் பார்த்தார். உம்மாவின் அறையைப் பார்த்தார். பிறகு என் கதவைத் தள்ளினார். கட்டிலில் உட்கார்ந்தார், திரையின் குண்டைத் தட்டிப் பார்த்தார், சுவரில் விரலைத் தேய்த்து அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

“எங்கட மகனுக்குப் பெரிசா ஒண்டும் வேணாம்,” என்றார் உம்மாவிடம். “இந்தச் சின்ன அறையே போதும்.”

உம்மாவின் முகம் மலர்ந்தது.

“ஆர் செய்தது இதெல்லாம்?”

“மூத்தவள்தான். சும்மா இருக்க ஏலாது அவளுக்கு,” என்றார் உம்மா. அந்தப் பெருமை பொய்யில்லை. இன்றைக்கும் எனக்கு எரிவது அதுதான். நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன். உள்ளே போவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

அவர் போனதும் கேட்டேன்: “அப்ப நான் எங்க?”

“ஹோலில…” என்று தொடங்கிய வாப்பாவை உம்மா மறித்தார். “மச்சான் போறதும் வாறதுமா இருக்கிற ஹோலில இவள் எப்பிடிப் படுக்கிறது?”

“நீங்கள்தானே ஹோலுக்கு வாறதெண்டு இருந்தது. அந்த அறையை எனக்குத் தாங்கோவன்.”

“கலியாணத்துக்கு விட்டுக்குடுக்கிறது வேற. உனக்கு விட்டுக்குடுத்தா ஊர் என்ன சொல்லும்? தாய் தகப்பனை ஹோலில போட்டிட்டு மூத்தவள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாளெண்டு சொல்லும்.”

மிச்சம் இருந்தது பத்தி. வலைகள் போன இடம்.

தங்கச்சி என் பின்னாலேயே வந்தாள். “கோவமோ ராத்தா?”

“இல்ல.”

“ஒண்டு கேக்கட்டா? அந்த நீலம் அவருக்குப் பிடிக்குமோ தெரியாது. பச்சை அடிச்சுத் தருவியா?”

இந்த முறை இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற மாமி, நான் வெளியே வந்ததும் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். “ஒரு சுவரையாவது உப்புப் பூக்க விட்டிருக்கலாமே மகள்,” என்றார். அவருடைய பேச்சில் எத்தனையையோ நான் பிறருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

திரும்பிப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். சுவரைக் கழற்ற முடியாது, நிலத்தைச் சுருட்ட முடியாது. திரையையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். ஒரு பக்கத்து முடிச்சு அவிழ்ந்து, ஈயக்குண்டுகளின் கனத்தில் திரை சரிந்து தொங்கியபோது உம்மா உள்ளே வந்தார்.

“அதை விடு. அறையைக் குடுத்தவள் திரைக்கு அழுறியோ? என்ன குறைஞ்சுபோச்சு இப்ப? உன்ர கைக்கு எந்த மூலையைக் குடுத்தாலும் வடிவாத்தானே வரும்,” என்றார்.

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. என் கட்டிலுக்கு அடியில் மிச்சம் வைத்திருந்த நீலச் சுண்ணாம்பு வாளியை இழுத்தெடுத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு பத்திக்கு நடந்தார். நானும் பின்னால் போய் அடுப்படி வாசலில் நின்றேன். கோழிக்கூட்டைக் காலால் ஒதுக்கினார். வலைகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். மாரிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது, பவுசர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. உம்மா பீப்பாவின் மூடியைத் திறந்து, குடிக்கிற தண்ணீரைச் செம்பு செம்பாக அள்ளி வாளிக்குள் ஊற்றி, அகப்பைக் காம்பால் அந்த நீலத்தைக் கலக்கத் தொடங்கினார்.