தோருன் சிக்வால்டசனின் நாற்பது பித்தளைக் கூடுகள்

2011 ஏப்ரல் 11 – 13.40 கனடா டாலர்
2011 ஜூன் 1 – 11.95 அமெரிக்க டாலர்
2011 ஜூலை 6 – 12.30 அமெரிக்க டாலர்
2011 ஆகஸ்ட் 22 – 11.95 அமெரிக்க டாலர்
2011 ஆகஸ்ட் 31 – கட்டணம் இல்லை

முதல் நான்கும் ஒரே பொருளுக்குக் கட்டிய தபால் செலவு. ஐந்தாவது நாள் அது என் மேசைக்கு வந்து, வந்த வழியே திரும்பிப் போனது. கனடாவில் நார்ட்விக் தபால் நிலையத்தை முப்பத்தொரு வருடம் நடத்தினேன். அப்படி ஒன்றை வேறொருவர் செய்து நான் பார்த்ததில்லை.

தோருன் சிக்வால்டசனுக்கு அப்போது வயது எழுபத்தொன்று. மீன் கொட்டகையில் நாற்பது குளிர்காலம் மீன் அரிந்த பெண்மணி. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1973-ல் ஓர் ஏலத்தில் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். அதற்குப் பிறகு வேறு துப்பாக்கியைத் தோளில் வைத்ததில்லை.

அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவை எந்தக் கம்பெனியும் இப்போது செய்வதில்லை. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அடியில் தீப்பொறி தரும் புதுப் பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் குண்டை அழுத்திச் செருகித் தானே தோட்டா செய்துகொள்வார். அவரிடம் இருந்தவை மொத்தம் நாற்பது கூடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் எண் கீறியிருந்தார். எது எத்தனை முறை சுடப்பட்டது என்பதற்கு ஒரு நோட்டு. பதினேழாம் எண் கூடு பத்தொன்பது முறை. முப்பத்தெட்டு வருடக் கணக்கில் அடித்தல் திருத்தல் இல்லை. அதைப் பார்த்த அன்று என் பதிவேட்டைத் திறக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

எங்கள் மாகாணத்தில் எல்க் மான் வேட்டைக்குக் குலுக்கல் முறையில்தான் அனுமதி. தோருன் பதினான்கு வருடம் விண்ணப்பித்தார். 2011 மார்ச்சில் அவர் பெயர் விழுந்தது. வேட்டைக்காலம் செப்டம்பர் 12 முதல் 25 வரை. ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், மறுபடி வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கூடுகளின் வாய் அகன்றுபோயிருந்தது. அவற்றை அளவுக்கு இறுக்கும் அச்சு உடைந்துவிட்டது. அதே அச்சு அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் லைல் பிரெக்கே என்ற ஓய்வுபெற்ற தச்சு ஆசிரியரிடம் இருந்தது. இருவருக்கும் இருபது வருடக் கடிதப் பழக்கம். நாற்பதையும் அவருக்கு அனுப்பினோம். சுங்கப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்: "காலிப் பித்தளைத் தோட்டாக் கூடுகள், 40." எல்லையில் யாரும் நிறுத்தவில்லை. போனது போலவே வந்துவிடும் என்று நினைத்தோம். தவறு அங்கேதான்.

அமெரிக்காவிலிருந்து வெளியே போகும் தோட்டாக் கூடு, காலியாக இருந்தாலும், ஆயுதக் கணக்கில் சேர்ந்தது. அதற்கு வாஷிங்டனில் ஏற்றுமதி அனுமதி வாங்கவேண்டும். லைல் இறுக்கி முடித்து அனுப்பிய பொட்டலம் ஜூனில் எல்லையிலிருந்து அவரிடமே திரும்பியது. கூடவே ஒரு விளக்கம் எழுதி ஜூலையில் மறுபடி அனுப்பினார். அதுவும் திரும்பியது.

காலைக் காபிக்குத் தபால் நிலையத்தில் கூடுபவர்களுக்கு இதுதான் பேச்சு. கடைக்கார ஹால்டோர் விடவே மாட்டார்.

"ஏன் தோருன், காரை எடுத்துட்டுப் போய் பிளாஸ்குல போட்டுக் கொண்டாந்தா என்ன? மேல கொஞ்சம் காபிய ஊத்திட்டா எவனுக்குத் தெரியப் போவுது?"

"கார்ல வந்தா வேற சட்டமா? உன் கடை காபிய ஊத்தினா பித்தளையே கறுத்துடும், போ."

"சரி, என் துப்பாக்கிய எடுத்துக்க. புதுசு. குழந்தகூட சுடலாம்."

"அப்ப ஒரு குழந்தைக்குக் குடு. பழகாத துப்பாக்கில சுட்டு, மான் காயத்தோட காட்டுக்குள்ள ஓடிச்சுன்னா? பின்னாடியே நீ ஓடுவியா, அந்த வயித்தத் தூக்கிட்டு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹால்டோரும்தான்.

ஆகஸ்ட் 31, புதன்கிழமை. வேட்டை தொடங்கப் பன்னிரண்டு நாள். லைல் மூன்றாம் முறை அனுப்பிய பொட்டலம் காலைத் தபால் மூட்டையில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன், எடை சரியாக இருந்தது. தொலைபேசியில் சொன்னேன். நாய்களைக்கூடக் கட்டாமல் ஓடி வந்தார். மேசைமேல் வைத்தேன். இரு கைகளையும் அதன்மேல் வைத்தார். உள்ளே பித்தளை கலகலவென்றது. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுங்கச் சீட்டைப் படித்தார்.

"ஏய்னார், இது என்ன?"

லைலின் கையெழுத்து: "மேசை விளக்குப் பாகங்கள்."

"உங்களுக்காகத்தாங்க்கா எழுதியிருக்கார். நாள் இல்லேன்னு பயந்துட்டார் போல. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க. எல்லையே தாண்டி வந்தாச்சு, இனி யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கையெழுத்துப் போட்டா அது யாரு பொய் தம்பி? அவரோடதா, என்னோடதா?"

பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவில்லை.

"இத எடுத்துக்கலேன்னா நீ சீட்டுல என்ன எழுதணும்?"

"பெற மறுத்தார்னு எழுதணும். திரும்பிப் போயிடும். அக்கா, பதினாலு வருஷங்க்கா. இன்னும் பதினாலு வருஷம் கழிச்சு உங்க வயசு எண்பத்தஞ்சு."

"கூட்டல் எனக்கும் தெரியும். எழுது."

ஹால்டோர் கையில் கோப்பையோடு நின்றிருந்தார். தோருன் பொட்டலத்தின் ஓரத்தில் மடங்கியிருந்த காகிதத்தை விரலால் நீவிச் சரிசெய்து, என் பக்கம் தள்ளினார். எழுதி முத்திரை குத்தினேன். மை சரியாகப் பதியவில்லை. இரண்டாம் முறை குத்தினேன். அவர் வெளியே போய், தெருவில் அலைந்த நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றேன். மற்ற தபால்களை அன்று நான் நாற்பது நிமிடம் தாமதமாகப் பிரித்தேன். அப்படித் தாமதித்தது அந்த ஒரு நாள்தான்.

செப்டம்பர் 12 அன்று காலை பனி இறங்கியிருந்தது, காற்று இல்லை. மான் கூப்பிடும் சத்தம் ஊர்வரை கேட்டது. தோருன் வழக்கம்போலக் காபிக்கு வந்தார். ஹால்டோர் தன் வீட்டில் செய்த வினார்டெர்டா என்ற அடுக்குக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவர்முன் வைத்தார். "உள்ள பிளம்ஸ் கம்மி" என்று சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார் தோருன். 25-ம் தேதி அனுமதி காலாவதியானது.

அக்டோபரில் லைலிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. என்னிடம் படிக்கக் கொடுத்தார். திரும்பி வந்த பொட்டலத்தை ஒரு வாரம் பிரிக்காமலே வைத்திருந்ததாக லைல் எழுதியிருந்தார். அறுபத்தெட்டு வயதில் இப்படி வெட்கப்பட்டதில்லையாம். வாஷிங்டனுக்கு முறையாக விண்ணப்பித்துவிட்டாராம், அதற்கு ஆகும் செலவில் இரண்டு புதுத் துப்பாக்கி வாங்கலாமாம்.

"பதில் எழுதினீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதினேன். பதினேழாம் நம்பர்ல வாய் ஓரம் விரிசல் இருக்கான்னு பாக்கச் சொல்லி."

குளிர்காலம் முழுவதும் பதில் இல்லை. மார்ச்சில் தோருன் எல்க் குலுக்கலுக்குப் புது விண்ணப்பம் போட்டார். "எத்தனையாவது வருடம்" என்ற கட்டத்தில் "1" என்று எழுதினார். அதைப் பதிவுத் தபாலில் சேர்த்தபோது நான் எழுந்து நின்றுதான் முத்திரை குத்தினேன்.

"நாற்பது காலித் தோட்டாக் கூடுகள், உரிமையாளரின் சொந்தப் பயன்பாட்டுக்கு" என்று உள்ளதை உள்ளபடி குறித்த ஏற்றுமதி அனுமதியின் நகலோடு லைலின் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 2012 ஜூன் 19, செவ்வாய்க்கிழமை.